சுவர் யாருடையது? குமரி மாவட்டப் பள்ளிக் கட்டடங்களைப் பற்றி

இலண்டன் மிஷன் சங்கம் என்ற பெயரில் இன்று எந்த அமைப்பும் இயங்கவில்லை. தென்திருவிதாங்கூரில் அது வளர்த்த சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்துவிட்டன. ஆனாலும் நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே போகிறவர் 'எல்.எம்.எஸ். தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகையை இன்றும் பார்க்கலாம். கடற்கரைப் பக்கம் இறங்கினால் 'ஆர்.சி.' என்று தொடங்கும் பலகைகள். இடையிடையே 'அரசு தொடக்கப் பள்ளி'. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் பலகை பெரும்பாலும் 'ஊராட்சி ஒன்றிய' என்று தொடங்கும். குமரியில் அந்தத் தொடக்கம் அரிது. திருவிதாங்கூர் சர்க்கார் நடத்திய பள்ளிகள் 1956 நவம்பர் 1 அன்று மாவட்டத்தோடு சேர்ந்து தமிழக அரசின் கைக்கு வந்தன. பெயரும் அப்படியே நின்றுவிட்டது. கூரை ஒழுகினால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தப் பலகைகளில் இருக்கிறது. மறுபாதியைத் தேடினால்தான் இந்த மாவட்டத்தில் பள்ளிக் கட்டடங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகின்றன என்பது புரியும்.

பணமில்லை என்பதே வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பள்ளிக்கூடம் என்றால் கைக்காசைச் செலவழிக்கத் தயங்காத ஊர்கள். இங்கும் வகுப்புகள் வராந்தாவில் நடக்கின்றன என்றால், காரணத்தைக் கஜானாவில் மட்டும் தேடிப் பயனில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் தருபவர் ஒருவர், சுவருக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், இடிக்கச் சொல்பவர் மூன்றாமவர் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கும் இடங்களில்தான் தாமதம் சேர்கிறது.

இந்தப் பிரிவினைக்கு வயது அதிகம். இலண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். சார்லஸ் மீட் 1818-இல் வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்திருந்தார். ஆணை சர்க்காருடையது, ஓலைக்கூரையின் கீழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்தது பெரும்பாலும் மிஷன். தோள்சீலைக் கலவரம் மூண்ட 1827 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் ஜெபக்கூடங்களோடு பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த இடம் என்பதே அவை எரிய வேண்டியதற்குப் போதுமான காரணமாக இருந்தது. எரித்தவர்கள் பள்ளியின் அருமையைச் சர்க்காரைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு 1860-களின் இறுதியில், மாதவராவ் திவானாக இருந்தபோது, தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை தரும் முறை வந்தது. கற்பிப்பதற்கு அரசு கைகொடுக்கும், கட்டடத்தை நடத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அங்கிருந்து வேர்விட்டது. குறைந்த செலவில் நாடெங்கும் பள்ளி பரப்ப அதைவிடக் கெட்டிக்கார வழி இல்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இன்று சுமார் 37 ஆயிரம் அரசுப் பள்ளிகளும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகளும் உள்ளன. உதவிபெறும் பள்ளிகள் அடர்ந்திருக்கும் மாவட்டங்களில் குமரி முன்வரிசையில் நிற்கிறது. ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் அரசு தருகிறது. சுவரும் கூரையும் கழிப்பறையும் நிர்வாகத்தின் பாடு. கட்டணம் வாங்க முடியாத தொடக்கப் பள்ளியின் தாளாளர் எங்கே போவார்? பழைய மாணவர்கள், வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், சபையின் காணிக்கை. சபையில் கோஷ்டிப் பூசல் வந்தால் அதுவும் நின்றுபோகும். நிர்வாகத் தேர்தலில் தோற்றவர் தொடங்கிய கட்டடத்தை ஜெயித்தவர் முடித்துவைப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்தக் காரணம் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. சுயநிதிப் பிரிவையும் மெட்ரிக் பள்ளியையும் பக்கத்திலேயே நடத்தும் நிர்வாகங்கள், வருமானம் தரும் கட்டடத்துக்கு டைல்ஸ் போட்டுவிட்டுத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் ஓட்டை மாற்றாமல் வைத்திருப்பதும் உண்டு. அரசை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இதையும் பேச வேண்டும்.

அரசு மனம் வைத்தால் எல்லையைத் தாண்ட முடியும் என்பதற்குச் சாட்சி காலை உணவுத் திட்டம். 2024 ஜூலை 15 அன்று அது ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமாவுக்குப் போன பணம் சுவருக்குப் போகக் கூடாது என்று தத்துவம் எதுவும் இல்லை. சுவர் நிர்வாகத்தின் சொத்து, பொதுப்பணத்தில் தனியார் சொத்தை உயர்த்தலாமா என்ற தயக்கம்தான். நியாயமான தயக்கம். ஆனால் இதற்கு வழி காண முடியாமலில்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அதே திருவிதாங்கூர் மரபில் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த மாநிலம். அங்கே பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கிய காலத்தில், உதவிபெறும் பள்ளியின் நிர்வாகம் கட்டடத்துக்குப் போடும் தொகைக்கு ஈடாக ஒரு வரம்புக்குள் அரசும் போடும் என்று ஒரு நிதியை அறிவித்தார்கள். அரசுப் பள்ளிகளுக்கு, கேரள உள்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பி மூலம் ஐந்து கோடி, மூன்று கோடி, ஒரு கோடி என்று அளவு வகுத்துக் கட்டினார்கள். பாறசாலைப் பக்கத்துப் புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரும் நம் பெற்றோருக்கு, அந்த ஒப்பீட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே சிக்கலைக் கடல் கடந்த தமிழர்களும் அறிவார்கள். மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பகுதி 'பகுதி உதவி' பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. நிலம் தோட்ட நிர்வாகத்தினுடையதாகவோ வாரியத்தினுடையதாகவோ இருப்பதால் கட்டடம் அரசின் முழுப் பொறுப்பாவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, தொழிலாளர் நகரத்துக்குப் போனார்கள். பள்ளி மட்டும் யாருக்கும் வேண்டாத நிலத்தில், அல்லது எல்லோருக்கும் வேண்டிய நிலத்தில், நின்றது. தேர்தலுக்குத் தேர்தல் மானியம் அறிவிக்கப்படும். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். மலேசியத் தமிழ் நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி.

நம் மாநிலத்தில் கட்டடம் பற்றிய பேச்சு இரண்டு முறை உரக்க எழுந்தது. 2004 ஜூலை 16, கும்பகோணம்: கூரைத் தீயில் 94 குழந்தைகள். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி: கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள். இரண்டும் உதவிபெறும் பள்ளிகள் என்பதை இப்போது யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக்கூரை ஒழிந்தது. அந்தத் தீயை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பள்ளிப் பாதுகாப்பு நெறிகளை விதித்தது. நெல்லைக்குப் பிறகு மாநிலமெங்கும் ஆய்வு நடந்தது. பழுதடைந்தவை என்று கண்டறியப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டடங்களை இடித்து அகற்றத் தொடங்கினார்கள். 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பெரிய தொகை, நல்ல திட்டம். ஆனால் அது அரசுப் பள்ளிகளுக்கானது. சாவு நேர்ந்தது உதவிபெறும் பள்ளிகளில், பணம் வந்தது அரசுப் பள்ளிகளுக்கு. அரசுப் பள்ளிகளுக்கு அது தேவையில்லை என்பதல்ல என் வாதம். எந்த வகைப் பள்ளியின் சுவர் விழுந்ததோ, அந்த வகைக்குக் கிடைத்தது ஆய்வும் நோட்டீசும்தான்.

அரசுப் பள்ளிகளின் கதைக்கு வருவோம். இடிக்க ஒரு ஜேசிபியும் ஓர் உத்தரவும் போதும். கட்ட என்னென்ன வேண்டும்? முதலில் எஸ்டிமேட், பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் நபார்டு கடனும் பொதுப்பணித் துறையும். தொடக்க, நடுநிலை என்றால் பல பணிகள் ஊரக வளர்ச்சித் துறையின் பொறியாளர் வழியே. சில அறைகள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், சில சட்டமன்ற உறுப்பினர் நிதியில், சில நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில். ஒரே வளாகத்தில் நான்கு அறை இருந்தால் நான்குக்கும் நான்கு கல்வெட்டு. டெண்டர்தான் தாமதம் என்று பலரும் சொல்வார்கள். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள் இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் கேட்கும் அவகாசம் 15 நாள். வகுப்பறைக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கும். ஆகவே ஆண்டுகள் கரைவது டெண்டரில் அல்ல. இடிப்பதற்கு உத்தரவிட்ட துறையும் கட்டுவதற்குப் பணம் வைத்திருக்கும் துறையும் வேறுவேறாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் கரைகின்றன. இடிக்கும் உத்தரவிலேயே மாற்றுக் கட்டடத்துக்கான நிதித் தலைப்பையும் முடிக்க வேண்டிய நாளையும் எழுதச் செய்திருந்தால், பாதித் தாமதம் போயிருக்கும்.

அந்த இடைவெளியில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? சத்துணவுக் கூடத்தில், சமுதாய நலக்கூடத்தில், வேறு வகுப்போடு சேர்ந்து ஒரே அறையில் முதுகோடு முதுகாக. இரண்டு ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு பாடம் நடத்தினால் உரக்கக் கத்துபவர் பாடமே கேட்கும்.

குமரிக்கென்று இன்னொரு நெருக்கடி உண்டு, அது வானத்திலிருந்து வருவது. தமிழகத்தின் மற்ற பகுதிகள் பெரிதும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருக்க, இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. நிம்மதியாகக் கான்கிரீட் போட ஜனவரி முதல் மே வரைதான். அந்த ஐந்து மாதத்துக்குள் பொதுத்தேர்வு வருகிறது, மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. 2019, 2021, 2024 மூன்று தேர்தலிலும் மாவட்டம் வாக்களித்தது ஏப்ரலில். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புதிய பணி தொடங்க முடியாது. தேர்தல் வந்ததில் ஒரு நன்மையும் உண்டு: வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் கட்டாயம் என்பதால், மாற்றுத்திறனாளிக் குழந்தைக்காகப் போடாத சாய்தளம் வாக்காளருக்காகப் போடப்பட்டது.

மழையை விடக் கொடியது உப்பு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடற்கரையோரம் ஊர் மேல் ஊராக நிற்கின்றன. கடல்காற்றின் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் சிமென்ட்டைப் பிளந்து தள்ளும். பிள்ளைகள் தலையில் விழும் 'பூச்சு' என்று செய்தித்தாள் எழுதுவது பல நேரம் பூச்சு அல்ல, கான்கிரீட்டின் மேலுறைதான். அதற்குமேல் கம்பி வெளியே தெரியும். இதைத் தடுக்க வேண்டியது கம்பிக்கு மேல் கூடுதல் கனத்தில் கான்கிரீட், நல்ல தண்ணீர், உப்பில்லாத மணல், ஒழுங்காக நனைத்தல். மாநிலம் முழுமைக்கும் ஒரே மாதிரி வரைபடம், ஒரே மாதிரி மதிப்பீடு என்று போகும்போது இந்தச் சிறு வித்தியாசத்தை யார் கவனிப்பது? திருவிதாங்கூர் காலத்துக் கல்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட கட்டடங்கள், கழுக்கோலும் பட்டியலும் மாற்றப்பட்ட இடங்களில், இன்றும் நன்றாக நிற்கின்றன. 1980-களுக்குப் பின் வந்த தட்டையான கான்கிரீட் கூரைகள் அதற்குள் பொத்தல் விட்டன. 'பழுதடைந்தது' என்ற பட்டியலில் பழையதெல்லாம் ஏறிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. மாற்ற வேண்டியது ஓடு மட்டும் என்றால் மாற்றுவதற்கு ஆகும் செலவு எங்கே, புதிதாகக் கட்டும் செலவு எங்கே? ஆனால் பராமரிப்புக்குக் கல்வெட்டு வைப்பதில்லை.

நிலம் அடுத்த சங்கடம். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்குமேல் வாழும் மாவட்டம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஊர் என்று தனியாக இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு வீடு. புறம்போக்கு என்று சொல்ல மிஞ்சியிருப்பது குளக்கரையும் ஓடைக்கரையும்தான். ஒரு சென்ட் நிலம் விற்கும் விலையில் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் கேட்பது வேடிக்கையாகப் படும். மலைப்பக்கம் போனால் நிலம் இருக்கிறது, அனுமதி இல்லை. பேச்சிப்பாறை அணை நீர்ப்பரப்புக்கு அப்பாலும் மேலேயும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். காட்டுக்குள் ஒரு வகுப்பறை கட்ட வனத்துறையிடம் காத்திருக்க வேண்டும் என்பார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. சட்டம் வழிவிட்ட இடத்தில் அலுவலக வழக்கம் குறுக்கே நிற்கிறது. சிமென்ட் மூட்டை மலையேறும் கூலியும் சமவெளி மதிப்பீட்டில் இல்லை, ஒப்பந்தக்காரர் வருவதுமில்லை.

மலையாள வழிப் பள்ளிகளின் நிலை இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணையக் கோரிப் போராடிய தமிழர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. போராட்டத் தலைவர் நேசமணியின் பின்னால் திரண்ட அவர்களின் குறைகளில் பள்ளியும் மொழியும் முதன்மையானவை. இரண்டு ஆண்டில் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அதே நாளில் விளவங்கோட்டு மலையாளிகள் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். வரலாறு இங்கே ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதுமான வசதி செய்ய வேண்டும் என்ற 350-ஏ பிரிவு அரசமைப்பில் நடைமுறைக்கு வந்ததும் அதே 1956 நவம்பர் 1 அன்றுதான். குமரி மாவட்டமும் அந்த உறுதிமொழியும் ஒரே நாளில் பிறந்தவை.

'போதுமான வசதி' என்பதில் கட்டடம் சேருமா? சேராது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மலையாள வழி பெரும்பாலும் தனிப் பள்ளி அல்ல, தமிழ்ப் பள்ளிக்குள் ஒரு பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. பயிற்று மொழியைப் பற்றி அந்த அட்டவணை வாய் திறப்பதில்லை. தமிழில் 30 பிள்ளைகளும் மலையாளத்தில் 20 பிள்ளைகளும் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு மொழி, ஆகப் பத்துக் குழு. அட்டவணைப்படி இரண்டு அறை. கூடுதல் அறை கேட்டால் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். அறை இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாமல் தாய் வேனில் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவாள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறையும். கட்டடம் இல்லாததால் பிள்ளை போனதா, பிள்ளை போனதால் கட்டடம் வரவில்லையா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தை ஒட்டிய வழக்குகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு விலக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஓராண்டு விலக்குத் தந்தது. இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவே எந்தப் பொறியாளர் மலையாளப் பிரிவுக்கென்று அறைக்கு மதிப்பீடு போடுவார்? தமிழ்நாடு இந்த விஷயத்தில் இன்னும் தாராளமாக நடக்கலாம் என்பது என் எண்ணம். கேரளத்தின் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிக்கு அறை கேட்கும் நாம், களியக்காவிளையில் வேறு கணக்குப் போட முடியாது.

ஐரிஷ் மொழிக்காரர்களின் அனுபவம் இங்கே பொருந்தும். பெல்ஃபாஸ்ட் நகரில் ஐரிஷ் வழியில் பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்பிய பெற்றோர் 1971-இல் தாங்களே ஒரு பள்ளி தொடங்கினார்கள். அரசின் நிதி கிடைத்தது 1984-இல். அந்தப் பதின்மூன்று ஆண்டும் சம்பளமும் கட்டடமும் பெற்றோரின் பொறுப்பு. இப்போது அங்கே ஐரிஷ் வழிக் கல்வியை ஊக்குவிப்பது அரசின் சட்டப்பூர்வக் கடமை. ஆனாலும் தற்காலிகக் கொட்டகையில் வகுப்பு நடப்பது பற்றிய புகார் ஓயவில்லை. சட்டம் வந்த பின்னும் அறை வரத் தாமதமாகும் என்பதற்கு அவர்களும் சாட்சி.

மத்திய நிதியைப் பற்றியும் ஒரு சொல். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத காரணத்தால் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. மொழிக் கொள்கையில் மாநிலத்தின் நிலை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு அரசுகளின் மல்லுக்கட்டில் ஆட்டம் காண்பது முதலில் பராமரிப்புச் செலவு. பணம் நின்றாலும் ஆய்வு நிற்கவில்லை: 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவாரில் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் இறந்ததும், நாடு முழுவதும் மீண்டும் ஒரு தணிக்கை ஆணை புறப்பட்டது.

கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் எல்லாக் காலநிலைக்கும் ஏற்ற கட்டடத்தைக் கட்டாயமாக்கியது. பழைய பள்ளிகளுக்கு 2013 மார்ச் 31 வரை கெடு. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு அதைச் சுட்டிக்காட்டித் தீர்மானம் போடலாம். உதவிபெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012 திருத்தம் சொல்லிவிட்டது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. எல்.எம்.எஸ்., ஆர்.சி. பலகை தாங்கிய குமரிப் பள்ளிகள் பலவும் அந்த ஒரு தீர்ப்பில் கட்டட விதிக்கு வெளியே போயின. மிஞ்சியது 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டம், வட்டாட்சியரின் உரிமம், பொறியாளரின் உறுதிச் சான்று. சான்று, கட்டடம் விழாது என்று சொல்லும். போதுமா என்று சொல்லாது. 2025 செப்டம்பர் 1 அன்று, தமிழக ஆசிரியர்களும் சம்பந்தப்பட்ட தகுதித் தேர்வு வழக்கில், பிரமதி தீர்ப்பு சரிதானா என்று ஐயுற்ற இரு நீதிபதிகள் அமர்வு, அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி தலைமை நீதிபதியிடம் முன்வைத்தது. ஆசிரியர் வேலை பற்றித்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெரிய அமர்வு என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தே, நெய்யூரிலோ குளச்சலிலோ ஒரு தாய் தன் பிள்ளையின் வகுப்பறைக்காக யார் மீது வழக்குப் போடலாம் என்பதும் தெளிவாகும்.